வாடகை வாய்

ஊர் எல்லையிலேயே ஊர்க்காரர்கள் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். போன்கள், காதுக்கருவிகள், போர் போடும் ரிக் வண்டியின் முன்திரை. வாங்கிய ஆள் அவற்றைக் கம்பளிப் பை ஒன்றில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினான். பிறகு கம்பத்தில் பறந்துகொண்டிருந்த பச்சைத் துணியை இறக்கிவிட்டுச் சிவப்பை ஏற்றினான்.

“அம்புட்டுத்தான்” என்றார் டிரைவர் நல்லசிவம். “ஊர்ல நெட்டைப் புடுங்கிட்டாங்க. இனி நீ போய்க் கேட்டு வாங்குனாத்தான்.”

அர்த்தனாரி கேபினுக்குள் திரும்பிப் பார்த்தான். தங்கவேல் மாமா நீள இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. உதடு நீலம் பாரித்திருந்தது. இருமும்போது துண்டில் இளஞ்சிவப்பாக நுரை ஒட்டியது.

மாமா அவன் அக்காவின் கணவர். இந்த ரிக்கின் டிரில்லர். திருச்செங்கோட்டு வண்டிகள் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைமேட்டில் தண்ணீருக்குத் துளை போட ஆரம்பித்த காலத்திலிருந்து வந்துபோகிறவர். முன்பெல்லாம் ஒன்றும் ஆகாத மனிதருக்கு இந்தப் பயணத்தில் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. உயரத்தின் வேலை. கீழே இறக்கிவிட்டால் சரியாகிவிடும். ஆனால் கீழே இறங்கும் சாலையை ஆறு அறுத்துக்கொண்டு போயிருந்தது. இன்னொரு சாலை இதைவிட உயரமாக ஏறி, அப்புறம்தான் இறங்கும். அந்த ஏற்றத்தை அவர் தாங்கமாட்டார்.

ஹெலிகாப்டர் வந்தாக வேண்டும். இருட்டினால் அது வராது. அதைக் கூப்பிட நெட் வேண்டும். இந்த மேட்டில் வானத்திலிருந்து நெட் வருவதை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. ஊருக்கு ஒரு கம்பி. அதுவும் பிடுங்கியாயிற்று.

“போய்ட்டு வா சாமி” என்றார் நல்லசிவம். “உனக்குத்தான் அத்தனையும் தலைகீழாத் தெரியுமே.”

தெரியும்.

புறப்படுவதற்கு முன் கம்பெனி ஷெட்டில் வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். நாற்பது ஸ்பானிஷ் வாக்கியங்கள். எல்லாமே நெட்டைப் பற்றி. இங்கே நெட் இருக்கிறதா. பாஸ்வேர்டு என்ன. சிக்னல் இங்கே வந்து சேரவில்லை. வேறு எங்கே கிடைக்கும். பயிற்சி கொடுத்த மேடத்திடம் ஒருவன் கேட்டான்: “ஏனுங்க, தண்ணி, சோறு, ஆஸ்பத்திரி, இதெல்லாம் கத்துக்க வேண்டாங்களா?”

“எதுக்குங்க? நெட்டு கெடைச்சிருச்சுன்னா மீதியெல்லாம் காதுக்கருவியில தமிழாவே வந்துரும். நீங்க பேசறது அவங்களுக்கு ஸ்பானிஷா போயிரும். நெட்டைக் கேக்கறதுக்கு மட்டுந்தான் உங்க சொந்த வாய் வேணும்.”

மற்றவர்கள் சிரித்துக்கொண்டே உளறினார்கள். அர்த்தனாரி உளறவில்லை. அவன் விடுதிப் பள்ளியில் படித்தவன். அங்கே புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒப்பிக்க வேண்டும். கமா போட்ட இடத்தில் நிறுத்தாவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து. பயிற்சி ஒலிப்பதிவில் ஒரு பெண் குரல் பேசியது. மனிதக் குரல் அல்ல, இயந்திரக் குரல். ஆனாலும் அது வாக்கியத்தின் நடுவே ஓர் இடத்தில் மூச்சு இழுத்தது. அவனும் அதே இடத்தில் மூச்சு இழுத்தான். மேடம் கை தட்டினார். “இவரை மாதிரி சொல்லுங்க” என்றார்.

“இவன் எங்க பண்ணைக் கோழிங்க மேடம்” என்றார் மாமா அப்போது. “தீனிய வெச்சீங்கன்னா அப்படியே முட்டையா வெச்சிரும்.”

தெருவின் கடைசியில் ஒற்றை அறைக் கட்டடம். அதன் கூரையிலிருந்துதான் கம்பி புறப்பட்டது. மரப்பலகை வைத்த சிறிய ஜன்னல். உள்ளே இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சால்வையை நெஞ்சருகே ஊக்கால் இணைத்திருந்தாள். ஐம்பதை நெருங்கியிருப்பாள். பெயர் ஹசிந்தா என்று நல்லசிவம் சொல்லியிருந்தார்.

அவள் எழுந்து கையை ஜன்னல் வழியே நீட்டி, அவன் தலையைத் திருப்பி, இரண்டு காதுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தாள். காதுமடலுக்குப் பின்னால் விரலால் அழுத்தித் தடவினாள். உட்கார்ந்தாள். சொல் என்பதுபோல் முகவாயை உயர்த்தினாள்.

“ஆய் இன்டெர்னெட் அக்கீ?” என்றான் அர்த்தனாரி. இங்கே நெட் இருக்கிறதா?

நன்றாக வந்தது. அவனுக்கே தெரிந்தது.

அவள் விரலைச் சுழற்றினாள். இன்னொரு தரம்.

“ஆய் இன்டெர்னெட் அக்கீ?”

மறுபடி சுழற்றினாள். அவன் மறுபடி சொன்னான். பாஸ்வேர்டு கேட்கும் வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். திறந்தபோது அதில் இருந்தது கோபம் அல்ல. கெட்டுப்போன ஒன்றை முகர்ந்தவளின் முகம்.

“போகா அல்கிலாதா” என்றாள். ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

அந்த வார்த்தைகள் நாற்பதில் இல்லை.

அவன் திரும்பி வந்தபோது மாமாவைக் கேபினிலிருந்து இறக்கி, ரிக்கின் பின்சக்கரத்தில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் சூடாக ஏதோ இலைத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார்கள். காற்று ஊசியாக அடித்தது. நான்கு பேர் ஒரு பெரிய கம்பளிப் போர்வையின் மூலைகளைப் பிடித்து அவருக்கு மறைப்புக் கட்டி நின்றார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை. நெட்டை மட்டும் தரவில்லை.

“போகா அல்கிலாதான்னா என்னங்கண்ணா?”

நல்லசிவம் அவன் உதட்டையே பார்த்தார். கம்ப்ரஸர் சத்தத்தில் பழுதான காது அவருக்கு. எலும்புக்குள் சின்னக் கருவி வைத்திருந்தார்கள். அதனாலேயே அவர் ஜன்னலுக்குப் போக முடியாது. காதில் எது இருந்தாலும் அங்கே ஆகாது.

“அப்படியா சொன்னா?”

“ஆமாங்க. சொல்லிப்போட்டுச் சாத்திட்டா.”

“வாடகை வாய்.” நல்லசிவம் ஜன்னல் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். “போன தடவ நெட்டு கெடைச்சதுக்கு அப்புறம் காதுக்கருவி வழியா கதை கதையாச் சொன்னாங்க. மெஷினுக என்ன பண்ணுதுன்னா, ஆளுகளக் கூலிக்குப் புடிக்குது. அது காதுல ஓதும். இவன் நின்னு அப்படியே சொல்லுவான். பாக்கறவனுக்கு மனுசந்தானே நிக்கறான்? நம்பி உள்ள விட்டா, முடிஞ்சுது.”

“என்ன முடிஞ்சுது?”

“இந்த ஊருக்கு ஒருத்தி வந்தாளாமா, கைக்கொழந்தையோட. கொழந்தைக்குச் சீக்குன்னு அழுதாளாம். நெட்டைத் தெறந்துட்டாங்க. உள்ள பூந்தது ஊர்க்காரங்க அத்தனை பேர் கொரலையும் எடுத்துக்கிட்டுது. அந்தக் கொரல்லயே சம்மதம் சம்மதம்னு சொல்லி ஏரிய வித்துப்போட்டுது. வர்ற வழியில வேலி பாத்தியே, அதுதான் ஏரி. அது கைய விட்டுப் போனதுலருந்துதான் இவிய தண்ணிக்குப் போர் போடறதே.”

அர்த்தனாரி போர்வைக்குள் பார்த்தான்.

“இங்க சீக்காளி கெடக்கறாரு. அது அவளுக்குத் தெரியாதுங்களா?”

“அன்னைக்கும் கொழந்த இருந்துதே.”

“முன்னமே சொல்லிருக்கலாமில்லீங்களா!”

“நான் என்னத்தக் கண்டேன். போன தடவ உங்க மாமன் போனாரு, ஒளறினாரு, அவ சிரிச்சா, தெறந்துட்டா. நீ நல்லாப் பேசுவேன்னு நெனைச்சு…” நல்லசிவம் கையை விரித்தார்.

மாமா கண்ணைத் திறந்தார். “உங்கக்காவப் பொண்ணு கேட்டு வந்தப்ப…” மூச்சு வாங்கினார். “ஒளறுனேன் பாரு. அது மாதிரி… ஒளறு.”

அவன் ரிக்கின் படியில் உட்கார்ந்தான். வாக்கியத்தை எடுத்தான். எங்கே தடுமாறலாம் என்று பார்த்தான். ‘இன்டெர்னெட்’டில் ஒரு திக்கல். ‘அக்கீ’யைக் குட்டையாக்கிவிடலாம். நடுவில் ‘அது வந்து’ என்பதுபோல் ஓர் இழுப்பு. சொல்லிப் பார்த்தான். இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தான்.

“டேய்” என்றார் மாமா. சிரிக்க முயன்றது இருமலாக வந்தது. துண்டில் நுரை. “தப்பையும்… மனப்பாடம் பண்றியாடா?”

ஜன்னல் திறக்க நேரமாயிற்று. ஹசிந்தா காதைப் பார்க்கவில்லை இந்த முறை. கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

அவன் திக்கினான். இழுத்தான். ‘அக்கீ’யைக் குட்டையாக்கினான்.

அவள் புருவம் அசைந்தது. ஒரு கணம் அவனுக்கு நம்பிக்கை வந்தது. அவள் விரலைச் சுழற்றினாள்.

அவன் சொன்னான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டது. திக்கல் அதே எழுத்தில் விழுந்தது. இழுப்பு அதே நீளத்துக்கு வந்தது. வேறு விதமாகத் தவற அவனுக்குத் தெரியவில்லை. வாய் தன் பாட்டுக்கு ஓடியது. அவன் அதன் பின்னால் ஓடினான்.

அவள் பலகையில் விரலால் தட்டினாள். திக்கிய இடத்துக்கு ஒரு தட்டு. இழுத்த இடத்துக்கு ஒரு தட்டு. மறுபடி அதே தாளத்தில் தட்டிக் காட்டினாள். பார்த்தாயா என்பதுபோல் தலையைச் சாய்த்தாள். ஜன்னல் மூடியது.

அவன் அங்கேயே நின்றான். நிழல் தெருவின் பாதிக்கு வந்திருந்தது. பின்னால் நல்லசிவம் கூப்பிடும் சத்தம் கேட்டது. அந்த மனிதர் அப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை. ஓடினான்.

மாமாவின் தலை ஒரு பக்கம் தொங்கியிருந்தது. கண் திறந்திருந்தாலும் யாரையும் பார்க்கவில்லை. நெஞ்சுக்குள் கொப்பளிக்கும் சத்தம் போர்வைக்கு வெளியே கேட்டது. ஒரு கிழவர் ரப்பர் பையிலிருந்த பிராணவாயுவை அவர் மூக்கில் பிடித்துக்கொண்டிருந்தார். பை சுருங்கிக்கொண்டே வந்தது.

“மாமா. மாமோவ்.”

பதில் இல்லை.

“வெளிச்சம் போவுதுடா” என்றார் நல்லசிவம். “உங்கக்காளுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்…”

அவன் மறுபடி ஓடினான். அந்த உயரத்தில் யாரும் ஓடக்கூடாது. ஜன்னலுக்கு வந்தபோது கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. கையால் பலகையை அறைந்தான். அவள் திறந்தாள்.

வாயைத் திறந்தான். ஒன்றும் இல்லை.

முதல் சொல் போய்விட்டது. ஒப்பிக்கிறவனுக்கு முதல் சொல் போனால் எல்லாம் போயிற்று. பள்ளியில் இப்படி நின்ற பையன்களைப் பார்த்திருக்கிறான். அவன் நின்றதில்லை. நாற்பது வாக்கியங்களும் ஒரு கதவுக்குப் பின்னால் இருந்தன. கதவு எங்கே என்று தெரியவில்லை.

ஹசிந்தா அவனைப் பார்த்தாள். பிறகு மெதுவாக எடுத்துக் கொடுத்தாள்.

“ஆய்…”

அந்த ஒரு சொல் போதும். வாக்கியம் முழுவதும் எழுந்து தொண்டைக்கு வந்தது, அதன் மூச்சோடும் ராகத்தோடும். சொல்லிவிட்டால் சரியாக வரும். அவள் அதற்குத்தான் எடுத்துக் கொடுக்கிறாள் என்று புரிந்தது. சாவி கொடுத்தால் ஓடுகிறதா என்று பார்க்கிறாள்.

பல்லைக் கடித்தான். அது வாய்க்குள் முட்டியது. விழுங்கினான்.

“எங்க மாமா” என்றான் தமிழில். மூச்சு வாங்கியது. வண்டி இருந்த பக்கம் கையை நீட்டினான். அவள் அசையவில்லை. நோய்க்கு வார்த்தை தெரியாது. மூச்சுக்கு வார்த்தை தெரியாது. சாவுக்குத் தெரியாது. சிக்னல் வந்து சேரவில்லை என்பது மட்டும் தெரியும். அதை உடைத்தான். சிக்னலைத் தூக்கி எறிந்தான். காற்றை வாயால் சத்தமாக இழுத்து, நெஞ்சில் கையை வைத்தான்.

“நோ யேகா” என்றான். வந்து சேரவில்லை. நெஞ்சில் அறைந்துகொண்டான். “அக்கீ. நோ யேகா. நோ யேகா அக்கீ.” இங்கே. வந்து சேரவில்லை இங்கே.

அந்த ஒலிப்பதிவில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவனும் இதற்குமுன் சொன்னதில்லை.

ஹசிந்தா எழுந்து கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒரு மேஜை. சுவரில் நெட் கம்பியின் பிளக். ஊர் எல்லையில் கட்டிய கம்பளிப் பை அங்கே வந்து சேர்ந்திருந்தது. அவள் அதை அவிழ்த்து அவனுடைய போனையும் காதுக்கருவியையும் மேஜைமேல் வைத்தாள். பிளக்கைச் சொருகினாள். சொருகிய கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சந்தேகம் வந்தால் பிடுங்குவாள். அதற்கான நியாயம் அவளுக்கு இருந்தது.

போன் உயிர் பெற்றது. கம்பெனியின் மீட்பு எண்ணை அழுத்தினான். தமிழில் ஒரு பெண் குரல் எடுத்தது. பயிற்சி ஒலிப்பதிவில் பேசிய அதே குரல்.

“வணக்கம். அவசர உதவி. உங்கள் பெயர்?”

“அர்த்தனாரிங்க. ரிக்குல இருந்து. எங்க டிரில்லருக்கு நுரையீரல்ல தண்ணி. ஹெலிகாப்டர் வேணும், ஒடனே. இருட்டிருச்சுன்னா…”

“புரிகிறது. போலி அழைப்புகளைத் தடுக்க உங்கள் குரலை உறுதிசெய்ய வேண்டும். பயிற்சியின்போது பதிவான முதல் வாக்கியத்தைச் சொல்லுங்கள்.”

பயிற்சியின் கடைசி நாள் மேடம் ஒவ்வொருவரிடமும் மைக்கை நீட்டியது நினைவுக்கு வந்தது. பரீட்சை என்று நினைத்திருந்தான்.

“ஆய் இன்டெர்னெட் அக்கீ” என்றான் சன்னமாக.

“பொருந்தவில்லை. மீண்டும் முயலுங்கள்.”

“நான்தானுங்க. ஆளு சாகக் கெடக்கறாருங்க.”

“புரிகிறது. உறுதியானதும் உதவி புறப்படும். மீண்டும் முயலுங்கள்.”

ஓடிவந்த நெஞ்சு இன்னும் அடங்கவில்லை. குரல் கிழிந்திருந்தது. மறுபடி சொன்னான். பொருந்தவில்லை. அடுத்ததும் பொருந்தாவிட்டால் அழைப்பு துண்டிக்கப்படும் என்றது குரல். அதே இனிமையோடு.

அவன் ஹசிந்தாவைப் பார்த்தான். அவளுக்குத் தமிழ் புரியாது. ஆனால் இயந்திரம் கேட்கிறது, இவன் சொல்கிறான் என்பது புரிந்திருந்தது. பிளக்கின்மேல் விரல்கள் இறுகியிருந்தன.

வேறு வழி இல்லை. கண்ணை மூடினான். மூச்சை அடக்கினான். ஒலிப்பதிவை மனதுக்குள் ஓடவிட்டு, அந்தப் பெண்ணின் குரல் ஏறும் இடத்தில் ஏறி, அவள் மூச்சு இழுக்கும் இடத்தில் இழுத்து, அவள் இறங்கும் இடத்தில் இறங்கினான்.

“ஆய் இன்டெர்னெட் அக்கீ?”

துல்லியமாக வந்தது. ஜன்னலில் சொன்னபோதுகூட இத்தனை துல்லியமாக வரவில்லை.

“நன்றி, அர்த்தனாரி. இடம் பதிவாகிறது. இணைப்பைத் துண்டிக்க வேண்டாம்.”

கண்ணைத் திறந்தான்.

ஹசிந்தாவின் முகம் முதலில் ஜன்னலைச் சாத்தியபோது இருந்த முகமாகிவிட்டது. அவள் உதடு அந்த இரண்டு சொற்களைச் சத்தமில்லாமல் சொன்னது. பிளக்கைப் பிடுங்கிவிடுவாளோ என்று பயந்து அவன் அவள் விரல்களையே பார்த்தான். அவள் பார்வை ஜன்னலுக்கு வெளியே போனது. அங்கே தெருவின் மறுகோடியில், காற்றில் புடைக்கும் போர்வைக்கு அடியில், மாமாவின் இரண்டு கால்கள் தெரிந்தன. ஒரு செருப்பு கழன்று கிடந்தது.

அவள் பிளக்கிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையைச் சால்வைக்குள் விட்டுக்கொண்டாள். தன்னிடமிருந்தே அதை ஒளித்து வைப்பவளைப்போல.

வாடகை வாய் என்று நம்பிக்கொண்டேதான் அவள் அதைச் செய்தாள். ஊரின் குரல்களை மறுபடி ஒருமுறை எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு நின்றாள்.

“ஹெலிகாப்டர் புறப்பட்டுவிட்டது” என்றது குரல். “வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடும். இனி இணைப்பைத் துண்டிக்கலாம்.”

திரையில் அக்காவின் தவறிய அழைப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழத் தொடங்கின. மேஜைமேல் காதுக்கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. இப்போது அவன் எதைச் சொன்னாலும் நல்ல ஸ்பானிஷில் போய்ச் சேரும். நான் கூலிக்கு வந்தவன் இல்லை. எனக்கு அப்படித்தான் படிக்கத் தெரியும். நீ நினைப்பது தவறு. நீ செய்தது பெரிது. எல்லாவற்றையும் சொல்லலாம். அவன் காதுக்கருவியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

அவள் ஓர் அடி பின்னால் போனாள். உள்ளங்கையால் காதைப் பொத்திக்கொண்டாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அவன் என்ன சொன்னாலும் அந்த ஒலிப்பதிவுப் பெண்ணின் குரலில்தான் வெளியே வரும். அதே குரலில், அதே இனிமையோடு.

காதுக்கருவியை மேஜைமேல் வைத்தான். அக்காவின் பெயர் இன்னும் ஒருமுறை திரையில் மின்னியது. அவன் சுவரருகே போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். விளக்குகள் அணைந்தன. ஒயரோடு அதைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தான்.

ஹசிந்தா அதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை. பிளக்கை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். கதவைச் சாத்தவில்லை.

அவன் பின்னால் போனான். போர்வையின் மூலையைப் பிடித்திருந்த நால்வரில் ஒருவர் களைத்துப்போயிருந்தார். அவரிடமிருந்து அதை வாங்கிக்கொண்டான். கீழே மாமாவின் நெஞ்சு ஏறி இறங்கியது. நல்லசிவம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது.

காற்று பலமாக அடித்தது. எதிர் மூலை கைவிட்டுப் போய்விடாமல் யாரோ இழுத்துப் பிடித்தார்கள். ஹசிந்தா. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. போர்வையை மட்டும் விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.